மூன்று நாள் மருந்தல்ல இது

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது பொருந்தும். சர்க்கரை நோய்க்கான மருந்து நாற்பது வயதில் வாசலேறினால் கடைசிவரை கூடவே இருக்கும். மூன்று நாள் தங்கிப்போகிற விருந்தாளியின் குணத்தை யாரும் ஆராய்வதில்லை. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறவரின் நல்லதையும் பொல்லாததையும் தெரிந்துகொள்ளாமல் குடும்பம் நடத்த முடியாது.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுப்பதிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால் வந்த ஆஸ்பத்திரி அது. நான் சேர்ந்த காலத்தில் இரத்தசோகை, குடற்புழு, நெஞ்சுச்சளி, கவாத்துக் கத்தி பட்ட வெட்டுக்காயம் இவைதான் அன்றாட வரவு. சர்க்கரை என்பது துரை பங்களாவிலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களிடமும் இருக்கிற வியாதி என்று லயன் வீடுகளில் நம்பியிருந்தார்கள். மேடு இறங்கி மேடு ஏறி, முதுகில் கொழுந்து சுமக்கிறவர்களை அது அண்டாது என்று நாங்களும் நினைத்திருந்தோம். பிறகு அது லயனுக்கும் வந்தது, படகர்களின் ஹட்டிக்கும் வந்தது. இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, நடக்க மாட்டாத கிழவிகளுக்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

பிள்ளைகளே, நீங்கள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். மாத்திரைக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அது பெரிய காரியம். ஆனால் அம்மா என்ன மாத்திரை போடுகிறார் என்று உங்களைக் கேட்டால், “சுகர் மாத்திரை” என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. அம்மாவைக் கேட்டால், “காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்” என்பார். அந்த வெள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, மஞ்சளுக்கு ஒரு பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு குணம் உண்டு.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் பேர்பெற்ற ஓர் அம்மா இருந்தார். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். அவருக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை எழுதியிருந்தார்கள். 1969-இல் சந்தைக்கு வந்த அந்த மருந்தை டயோனில் என்ற பெயரில் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். மழை விட்டு வெயில் காட்டியதும் செடி கொழுந்தைத் தள்ளும் நாட்கள் அவை. கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு. விடியலில் மாத்திரையை விழுங்கிய அந்த அம்மா, சாப்பிட நேரமில்லை என்று வெறுந்தேநீரோடு காட்டுக்குப் போய்விட்டார். பதினோரு மணி வாக்கில் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். தாங்கிப் பிடிக்க வந்தவளைத் திட்டினார். ஒருத்தி காற்றுச் சேஷ்டை என்றாள், இன்னொருத்தி மேஸ்திரி மேல் கோபம் என்றாள். மூடுபனி இறங்கிய அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றதை ஒரே ஒரு பெண் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரச் சொன்னாள். படிக்காத பெண் அவள். அன்று அந்தக் காட்டில் வைத்தியம் அறிந்தவள் அவள்தான்.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். “நிறுவைக்கு நேரமாச்சு, போறேன் ஐயா” என்றார். எங்கள் டாக்டர் அனுப்பவில்லை. ராத்திரி படுக்கையில் வைத்துக்கொண்டார். நள்ளிரவுக்குப் பிறகு சர்க்கரை மறுபடியும் சரிந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றித்தான் மீட்டோம். அன்றிரவு அவர் லயனில் படுத்திருந்தால், தூங்குகிறார் என்றே வீட்டில் நினைத்திருப்பார்கள்.

இதன் காரணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது அவற்றின் வேலை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அதிலும் கிளிபென்கிளமைடு ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் இன்னும் அதிக நேரம் தங்கும். அதனால்தான் ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடியும் சரிகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு எழுதி, கிளிக்லசைடை முன்னால் வைத்தது. உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டையில் இன்னும் கிளிபென்கிளமைடு என்ற பெயர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அந்த அம்மா பசியைப் பொறுத்துக்கொண்டது பிள்ளைகளின் படிப்புக்காக. பசி பொறுத்த பெண்களால் நிமிர்ந்த மலை இது. அந்தப் பொறுமையை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் இந்த மாத்திரை விழுந்த வயிற்றுக்குப் பசி பொறுக்கிற சக்தி இல்லை. பொறுக்கத் தக்கதைப் பொறுப்பதும், பொறுக்கக் கூடாததை உடனே சொல்வதும் ஒரே உறுதியின் இரண்டு கைகள்.

வியர்வையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், வியர்க்கும். இரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் அமுங்காது. சமவெளியில் சித்திரை வெயிலில் வியர்த்தால் யார் கவனிப்பார்கள்? தலைக்குந்தாவில் புல் நுனியில் உறைபனி படிகிற மார்கழிக் காலையில், கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு வியர்த்தால் அது எச்சரிக்கை. இந்த மலையின் குளிர் நமக்குக் கொடுத்திருக்கும் காவல் அது. வீணாக்கிவிடாதீர்கள்.

நினைவு இருக்கிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ கொடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளும் சேர்த்துப் போடுகிறவராக இருந்தால், வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையையே அந்த மாத்திரை தடுத்துவைத்திருக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். ஒரு பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேறொரு மருந்து வந்து சேரும்போதும் இதே ஆபத்து உண்டு. வருஷக்கணக்காகக் கிளிமிபிரைடு போட்டு நன்றாக இருந்த ஒரு பெரியவர், நீர்க்கடுப்புக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் வகையும், கோ-ட்ரைமாக்சசோலும், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோலும் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கக்கூடும். அந்த முதல் வகையில் ஒன்றான கேட்டிஃபிளாக்சசின் சர்க்கரையைத் தாறுமாறாக்கியதால்தான் 2011-இல் இந்தியாவில் அதன் மாத்திரை தடை செய்யப்பட்டது. சளிக்கு மாத்திரை வாங்கினாலும், நான் சுகர் மாத்திரை போடுகிறேன் என்று கடைக்காரரிடம் பெயரோடு சொல்லப் பழக்குங்கள்.

மருந்துக்கு இரண்டு முகம் உண்டு என்பது நீலகிரிக்குப் புதிய சங்கதி அல்ல. 1860-இல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாக் கன்றுகளைக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார்கள். அதன் பட்டையிலிருந்து எடுத்த கொயினா மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதே கொயினா காதில் இரைச்சலைக் கொடுத்தது. கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையை இறக்கவும் செய்தது. கடுமையான மலேரியா கண்ட கர்ப்பிணிகளிடம் இது பெரிய ஆபத்தாக இருந்ததை 1980-களில் மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் உலகமே சாப்பிட்ட மருந்தின் ஒரு குணம் அவ்வளவு காலம் கழித்துத்தான் தெளிவாகப் புரிந்தது. அதற்காகக் கொயினாவை யாரும் சபிக்கவில்லை. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது 2013-க்கு வருகிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ஆண்டு ஜூன் 18 அன்று மத்திய அரசு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்திவைத்தது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரலாம் என்ற ஐயம் அதற்குக் காரணம். பிரான்ஸ் 2011-லேயே அதை நிறுத்தியிருந்தது. இந்தியாவிலோ அது விலை குறைந்த மருந்து, இலட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டுவந்த மருந்து. நீரிழிவு மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் நாட்டு நோயாளிகளைப் பற்றிய போதிய தகவல் இல்லாமல் எடுத்த முடிவு என்றார்கள். ஜூலை 31 அன்று தடை நீங்கியது. ஆனால் பழைய மாதிரியே திரும்பி வரவில்லை. அட்டையிலும் குறிப்புத்தாளிலும் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. முதல் மருந்தாக இதைத் தொடங்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவருக்கும் முன்பு இருந்தவருக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீரில் இரத்தம் வந்து அதற்குக் காரணம் கண்டுபிடிக்காதவருக்கும் கூடாது. வயது, புகைப்பழக்கம் இவற்றை விசாரிக்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்தில் பலன் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்பவையே அதன் சாரம்.

அந்த ஆறு வாரத்தில் இந்த மலையில் நான் கண்டது இரண்டு விதமான மனிதர்களை. பத்திரிகையில் “சுகர் மாத்திரைக்குத் தடை” என்ற செய்தியைப் பார்த்த ஒருவர், எல்லா மாத்திரையையும் குப்பையில் போட்டுவிட்டார். அவர் சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மினுக்கும் அந்தத் தடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல மாதம் மருந்தில்லாமல் இருந்து, பூட்ஸ் கடித்த புண் ஆறாமல், கடைசியில் கால் விரல் ஒன்றை இழந்த பிறகே மறுபடி மாத்திரைக்கு வந்தார். மற்றொருவர் தடை செய்த மருந்தையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் மாத்திரையில் அது இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து, கடைசியில் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்து விற்கிறார்கள். பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதை யூகிக்க முடியாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். கண் தெரிகிற வயதில் இருக்கிற உங்களுக்கு அந்த வேலையை ஒப்படைக்கிறேன்.

அச்சத்தால் எறிந்தவரும் அறியாமல் விழுங்கியவரும் ஒரே இடத்தில்தான் தவறினார்கள்: மருந்தின் பெயர் அவர்களிடம் இல்லை.

பயோகிளிட்டசோனின் இன்னொரு குணம், புற்றுநோய் ஐயத்தைவிட அடிக்கடி கண்ணில் படுவது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். வேலை ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர், கணுக்கால் வீங்கியதை மேட்டில் நடந்த அசதி என்றே எண்ணிப் பல மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை உயர்த்திக்கொண்டார். குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று மிளகுக் கஷாயம் குடித்தார். யாரிடமும் முறையிடவில்லை, முறையிடுவது அவர் சுபாவமே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இதயம் தளர்ந்திருப்பது தெரிந்தது. மாத்திரையை மாற்றி, நீரை இறக்கியபின் மூச்சு சீரானது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டியவர். இன்ஜினில் சின்னச் சத்தம் மாறினாலும் ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பாராம். தன் உடம்பின் சத்தத்துக்கு மட்டும் அவர் இறங்கவில்லை. இந்த மாத்திரை போடுகிறவருக்குக் கால் வீங்கினாலோ, எடை திடுமென ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அந்த வாரமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் சிவந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

ஐயம் எழுப்பிய எல்லா மருந்துக்கும் ஒரே முடிவு வந்ததில்லை. மெட்ஃபார்மினின் நெருங்கிய உறவான ஃபென்ஃபார்மின், இரத்தத்தில் அமிலம் ஏறிப் பலர் இறந்ததால், 1970-களிலேயே அமெரிக்காவில் நீக்கப்பட்டது. இந்தியாவில் 2003-இல்தான் தடை வந்தது. டிரோகிளிட்டசோன் கல்லீரலைக் கெடுத்து 2000-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. ரோசிகிளிட்டசோன் மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று 2007-இல் கேள்வி எழுந்தது; 2010-இல் இங்கே தடை செய்தார்கள்; அமெரிக்காவிலோ மறு ஆய்வுக்குப்பின் 2013-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். பயோகிளிட்டசோனைப் பற்றிய நீண்ட ஆய்வுகளும் இன்றுவரை ஒரே குரலில் பேசவில்லை. நீங்கள் படித்தவர்கள்; அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொள்வதைக் கண்டு நம்பிக்கை இழக்காதீர்கள். நேற்றுச் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்பவரைவிட, தெரிந்ததும் திருத்திக்கொள்பவரையே நான் நம்புவேன்.

புதிதாக வந்த மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து விலை இறங்கிய பிறகு லயன் வீட்டிலும் அது கிடைக்கிறது. ஏழைக்கு நல்ல மருந்து எட்டியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தேயிலைக் காட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது? ஒதுங்க இடமில்லாமல் எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகியவர்கள். அதிகமாகச் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டு, தண்ணீரும் குடிக்காமல் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு நின்றால் உடம்பு வற்றும், சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கும். சிறுநீரில் சர்க்கரை கலந்து போவதால் மறைவிடத்தில் பூஞ்சை அரிப்பு வருவது இந்த மருந்தில் சாதாரணம். ஒரு தாய் அதை வெளியே சொல்லக் கூசி இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்திருந்தார். ஒரு வாரக் களிம்பில் தீரவேண்டிய தொல்லை அது. மிக அரிதாக அந்தப் பகுதியின் தசையே அழுகும் கடும் தொற்றும் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. அங்கே வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டவர்களை இந்த மலை மதித்திருக்கிறது. கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மகள்களே, அம்மாவிடம் இதை நீங்கள்தான் கேட்க முடியும். மகன்களைவிட உங்களுக்கே இதில் பொறுப்பு அதிகம்.

இந்த வகை மாத்திரையில் இன்னோர் ஆபத்து உண்டு. படித்த வீடுகளையும் ஏமாற்றுவது. சாப்பாடு நின்றுபோனால், கடும் காய்ச்சலோ வாந்தியோ வந்தால், இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரணமாக அந்த நிலையில் சர்க்கரை நானூறு, ஐந்நூறு என்று ஏறியிருக்கும். இந்த மாத்திரை போடுகிறவரிடம் இருநூறுக்குக் கீழேகூட இருக்கும். மீட்டரைப் பார்த்துவிட்டு “சுகர் நார்மல்தானே” என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அசாத்தியக் களைப்பு இவை இருந்தால், எண் என்னவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கந்த சஷ்டிக்கும் ரம்ஜானுக்கும் விரதம் இருக்கிற பெரியவர்கள், அதற்கு முன்பே டாக்டரிடம் கலந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்துவது முறை. கண்புரைக்கோ குடலிறக்கத்துக்கோ கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகள், பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மெட்ஃபார்மினைப் பற்றிப் பயப்பட அதிகம் இல்லை. 1957 முதல் மனிதர்கள் சாப்பிட்டுவரும் மருந்து. சாப்பிட்டபின் போட்டால் வயிற்றுத் தொல்லை குறையும். பல வருஷம் சாப்பிட்டால் பி-12 சத்துக் குறைந்து பாதம் மரத்துப்போகலாம். அதைச் சர்க்கரையால் வந்த மரப்பு என்றும் குளிரால் வந்த மரப்பு என்றும் விட்டுவிடுகிறார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு இது ஆகாது. ஸ்கேனுக்காக நரம்பில் சாய மருந்து ஏற்றுவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர் டாக்டரிடம் அதை மறைக்கக் கூடாது. சாராயமும் இந்த மருந்தும் அமிலத்தைக் கூட்டுவதில் கூட்டாளிகள். இதை நான் பல வீடுகளில் கடிந்தே சொல்லியிருக்கிறேன்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் வடிவ அணு உள்ள இரத்தசோகையின் கூறு அவர்களிடம் இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதன்முதலாகப் பதிவானது அப்படித்தான். அந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணு சீக்கிரம் அழிந்துவிடும். மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறார்களே, அந்த எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்பது. அதனால் இவர்களிடம் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அதை மட்டும் நம்பி மருந்தைக் குறைப்பது தவறு. விரலில் குத்திப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமவெளியில் எழுதிய விதி மலையில் அப்படியே செல்லாத இடங்களில் இதுவும் ஒன்று.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் மலைக்கென்று ஒரு விதி உண்டு. வெயிலில் கெடும் என்று எல்லாரும் சொல்லித்தருகிறார்கள்; உறைந்தாலும் கெடும் என்பதைச் சொல்லித்தருவது குறைவு. பிரிட்ஜ் இல்லாத வீட்டில், குளிர்தானே என்று ஜன்னல் விளிம்பில் வைத்த புட்டி தை மாதத்து இரவில் உறைந்துபோகலாம். உருகியபின் பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் அதை நம்பக் கூடாது, எறிந்துவிட வேண்டும். கட்டிலருகே, அடுப்புக்கு எட்டாத அலமாரியில் வைத்தாலே போதும். 2009 நவம்பரில் மண்சரிந்து பாதைகள் மூடிக்கிடந்த நாட்களை நினைத்துப் பார்த்து, மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு வார மருந்தைக் கூடுதலாக வாங்கிவையுங்கள். மருந்து தீர்ந்து நின்றுபோவதும் ஒரு விஷம்தான்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடிய ஒரு பொதுக் காரியம் இருக்கிறது. 2013-இல் பயோகிளிட்டசோனைப் பற்றி டெல்லியில் விவாதித்தவர்களிடம் நம் நோயாளிகளைப் பற்றிய தகவல் போதுமான அளவு இல்லை என்றேன் அல்லவா? அந்தத் தகவல் ஆய்வகத்தில் பிறப்பதில்லை. கால் வீங்கியவரும் காட்டில் மயங்கியவரும் சொன்னால்தான் பிறக்கும். மருந்தின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தர ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை, நோயாளியும் அவர் வீட்டாரும் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு வேலை நாட்களில் பகல் நேரத்தில் பேசலாம். இதற்கு யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. சந்தேகம் போதும். நோயாளியின் வயது, மருந்தின் பெயரும் அளவும், அட்டையில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண், எந்தத் தேதியில் தொடங்கினார், எந்தத் தேதியில் தொல்லை வந்தது, கூடவே என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்பவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அன்றே கேளுங்கள்.